ஈயத்தைக் கேட்காதீர்கள், சீட் ரிங் போடுங்கள்: பழைய கார் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டுப் பழைய கார் சங்கங்களின் நிர்வாகிகளுக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். நான் இன்ஜின் ஹெட் (இன்ஜினின் மேல்மூடி, வால்வுகள் உட்காரும் பாகம்) வேலை செய்கிறவன். அம்பாசடர், ஹெரால்டு, மோரிஸ் மைனர் என்று உங்கள் வண்டிகளின் ஹெட் பலவும் என் பட்டறை மேசைக்கு வந்து போனவை. அந்த உரிமையில் எழுதுகிறேன். எங்காவது கடுமையாகத் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அணிவகுப்பு முடிந்து மரநிழலில் பேனட்டைத் திறந்து வைத்துப் பேச ஆரம்பித்தால், பேச்சு எங்கே சுற்றினாலும் பெட்ரோலில்தான் வந்து நிற்கிறது. ஈயம் கலந்த அந்தக் காலத்துப் பெட்ரோல் இருந்தால் இந்த இன்ஜின் பேரன் காலம் வரை ஓடும் என்று ஒருவர் பெருமூச்சு விடுவார். வெளிநாட்டிலிருந்து ஈயப் பாட்டில் வரவழைக்கிறேன் என்பார் இன்னொருவர். இப்போது அதையும் தாண்டி, சிறு விமானங்களுக்குப் போடும் பெட்ரோலில் இன்னும் ஈயம் இருக்கிறதாமே, சங்கம் வழியாகக் கேட்டு வாங்கலாமா என்ற பேச்சு கிளம்பியிருக்கிறது. அதைத் தீர்மானமாகப் போட்டு எங்காவது மனுக் கொடுத்துவிடுவீர்களோ என்றுதான் இந்த மடல்.

தயவுசெய்து கேட்காதீர்கள். உங்கள் வண்டிக்கு அது தேவையில்லை. ஈயம் இல்லாவிட்டால் வால்வு போய்விடும் என்று நீங்கள் நினைக்கும் காரணமும் பாதிதான் சரி.

ஈயம் பெட்ரோலுக்குள் வந்தது வால்வைக் காப்பாற்றுவதற்காக இல்லை. 1921 டிசம்பரில், ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த தாமஸ் மிட்ஜ்லி, இன்ஜின் நாக் அடிப்பதை (பெட்ரோல் தாறுமாறாக வெடித்துத் தட்டுகிற சத்தத்தை) டெட்ராஎத்தில் லெட் என்ற ஈயச் சேர்மம் நிறுத்துகிறது என்று கண்டுபிடித்தார். 1923இல் அமெரிக்காவின் டேட்டன் நகரத்தில் விற்பனைக்கும் வந்துவிட்டது. ஆக்டேனை, அதாவது பெட்ரோல் நாக் அடிக்காமல் தாங்கும் திறனை, மலிவாக ஏற்றுவதுதான் நோக்கம். வால்வு மூடும்போது வந்து உட்காரும் வளையமான வால்வு சீட்டுக்குக் கிடைத்த பாதுகாப்பு யாரும் திட்டமிடாத உபரி லாபம்.

அந்த லாபம் உண்மைதான், அதை மறுக்கவில்லை. வார்ப்பிரும்பு ஹெட்டில் சீட்டை அந்த இரும்பிலேயே நேராக வெட்டியிருப்பார்கள். வண்டி ஓடும்போது, எரிந்த புகையை வெளியே விடும் எக்ஸாஸ்ட் வால்வு பழுக்கக் காய்ந்து சீட்டின் மேல் வந்து உட்காரும். இரண்டு உலோகமும் தொடும் இடத்தில் கண்ணுக்குத் தெரியாத அளவில் ஒட்டிக்கொண்டு, வால்வு எழும்பும்போது பிய்ந்து வரும். பிய்ந்த துணுக்கு வால்வு முகத்தில் ஒட்டிக்கொண்டு, அடுத்தடுத்த அடியில் சீட்டை அரம்போல ராவும். ஈயப் பெட்ரோல் எரிந்தால் அந்த இடத்தில் ஈயச் சேர்மங்களின் மெல்லிய படிவு உட்கார்ந்து ஒட்டாமல் பார்த்துக்கொண்டது. தோசைக்கல்லில் வெங்காயத்தால் எண்ணெய் தேய்த்துவிடுகிறோமே, அந்த வேலை. படிவு இல்லாமல் போனால் சீட் தேய்ந்து வால்வு ஹெட்டுக்குள் இறங்கும். வால்வுக்கும் அதைத் தள்ளும் ராக்கருக்கும் நடுவில் விடும் இடைவெளியான டேப்பட் கேப் தானாகக் குறையும். ஒரு கட்டத்தில் வால்வு முழுசாக மூடாமல், எரியும் வாயு அந்த இடுக்கு வழியாகச் சீறி வால்வு விளிம்பையே தின்றுவிடும்.

ஆனால் இது எல்லா வண்டிக்கும் வருகிற நோய் இல்லை. பிரீமியர் பத்மினி வைத்திருப்பவர்கள் இந்தக் கவலையை விட்டுவிடலாம். ஃபியட் 1100இலிருந்து வந்த அந்த 1089 சிசி இன்ஜினின் ஹெட் அலுமினியம். அலுமினியத்தில் சீட்டை நேராக வெட்ட முடியாது. தனி ரிங் போட்டுத்தான் கம்பெனியிலிருந்தே வந்திருக்கிறது. ஃபோக்ஸ்வேகன் பீட்டிலும் ஜாகுவார் எக்ஸ்கே இன்ஜினும் அப்படித்தான். இது தெரியாமல் பத்மினி டேங்க்கில் மாதா மாதம் ஈயத்துக்கு மாற்று என்று ஒரு பாட்டிலைக் கவிழ்க்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தக் காசுக்கு ஒரு நல்ல ஃபேன் பெல்ட் வாங்கி டிக்கியில் போட்டு வைத்தால் வழியில் உதவும்.

கவலைப்பட வேண்டியவர்கள், இரும்பு ஹெட் வைத்திருப்பவர்கள். பி சீரிஸ் இன்ஜின் போட்ட 1489 சிசி அம்பாசடர், நம் வண்டலூரில் செய்த 948 சிசி ஸ்டாண்டர்டு ஹெரால்டு, மோரிஸ் மைனர், ஆஸ்டின் ஏ40 எல்லாம் இதில் சேர்த்தி. அவர்களிடமும் ஒன்று கேட்கிறேன். சென்னையில் ஈயமில்லாத பெட்ரோல் வந்தது 1995 ஏப்ரலில். அப்போது அது, புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் வைத்த புது வண்டிகளுக்காக. 2000 பிப்ரவரி 1 முதல் நாடு முழுக்க வேறு பெட்ரோலே கிடையாது. அதாவது உங்கள் வண்டி கால் நூற்றாண்டாக ஈயமில்லாமல்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. வீணாகப் போக வேண்டிய சீட் இதற்குள் வீணாகியிருக்கும்; யாரோ ஒரு பட்டறைக்காரர் அதைச் சரி செய்தும் இருப்பார். இன்னும் சரியாக ஓடுகிற சீட், நீங்கள் ஓட்டுகிற வேகத்துக்குத் தாங்குகிறது என்று அர்த்தம்.

வேகத்தைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சீட் தேய்வது பெரும்பாலும் நீண்ட நேரம் உயர்ந்த சுற்றில், முழு லோடில் ஓட்டும்போதுதான். கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் ஞாயிற்றுக்கிழமைக் காலை ரவுண்டுக்கும் மணிக்கு 60 கிலோமீட்டரில் போகிற அம்பாசடருக்கு அந்தச் சூடு ஏறுவதே இல்லை. பொருளாதாரத் தடைக் காலத்தில், 1990களில், யாழ்ப்பாணத்தில் ஏ40களும் மோரிஸ் மைனர்களும் மண்ணெண்ணெயில் ஓடின. ஸ்டார்ட் பண்ண மட்டும் கார்புரேட்டருக்குச் சில துளி பெட்ரோல், சூடேறியதும் மண்ணெண்ணெய். அதில் ஈயம் கிடையாது, ஆக்டேனும் படுமோசம். இன்ஜின் ஆயிலைக் கெடுக்கும் வேலை அது, நீங்கள் செய்துவிடாதீர்கள். ஆனாலும் வேறு வழியில்லாத ஊரில் அந்த இரும்பு இன்ஜின்கள் நோயாளிகளையும் மூட்டை முடிச்சுகளையும் சுமந்து ஓடிக் காட்டின.

அப்படியானால் பட்டறைக்கு ஏன் எரிந்த எக்ஸாஸ்ட் வால்வுகள் வந்துகொண்டே இருக்கின்றன? இங்கேதான் உங்களோடு எனக்குப் பெரிய சண்டை. ஈயம் போனதை விட, ஈயம் போன பிறகு நாம் செய்த சில்லறை வேலைகள்தான் அதிக வால்வுகளை எரித்திருக்கின்றன.

முதலில் சைலன்சர் பைப்பைச் சொல்கிறேன். ஈயப் பெட்ரோல் காலத்தில் நெடுஞ்சாலையில் நன்றாக ஓடி வந்த வண்டியின் பைப் நுனி வெளிர் சாம்பல் நிறத்தில் இருக்கும். மிக்ஸர், அதாவது காற்றும் பெட்ரோலும் கலந்த கலவை, சரியாக இருக்கிறது என்பதற்கு மூத்த மெக்கானிக்குகள் அதைத்தான் அடையாளமாகச் சொல்லிக்கொடுத்தார்கள். அந்தச் சாம்பல் நிறம் ஈயப் படிவின் நிறம். ஈயமில்லாத பெட்ரோலில் எவ்வளவு சரியாக எரிந்தாலும் பைப்புக்குள் கரிப்படலம் கறுப்பாகத்தான் தெரியும். அதைப் பார்த்துவிட்டு, ரிச்சாக (பெட்ரோல் அதிகமாக) ஓடுகிறது என்று சொல்லிப் பெட்ரோலைக் குறைக்கிறார்கள். மிக்ஸர் லீன் ஆகிறது, அதாவது காற்றுக்குப் பெட்ரோல் போதாமல் போகிறது. எக்ஸாஸ்ட் சூடு ஏறுகிறது. பைப் வெளுக்கிறதோ இல்லையோ, வால்வு வெந்துவிடும். நிறம் பார்க்க வேண்டுமானால் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள், பைப்பைப் பார்க்காதீர்கள்.

அடுத்தது டைமிங், பிளக்கில் தீப்பொறி விழும் நேரம். நாக் சத்தம் வருகிறது என்று தீப்பொறியை பிளக்குகளுக்குப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரைப் பின்னால் திருப்பிவிட்டு வேலை முடிந்தது என்று அனுப்பிவிடுகிறார்கள். தீப்பொறி தாமதமானால் எரிதல் முடிவதற்குள் எக்ஸாஸ்ட் வால்வு திறந்துவிடும். பிஸ்டனைத் தள்ள வேண்டிய சூடு வால்வின் தலையிலும் மேனிஃபோல்டிலும் இறங்கும். ரேடியேட்டர் கொதிக்கிறது என்று வருகிற வண்டிகளில் முதலில் நான் தொடுவது டைமிங்கைத்தான், டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பாயிண்ட்டின் இடைவெளியான பிளாட்டினம் கேப்பையும் சேர்த்து. இன்றைக்குப் பங்க்கில் வருகிற சாதாரணப் பெட்ரோலின் ஆக்டேன், இந்த வண்டிகள் தயாரான காலத்தில் நம் ஊரில் கிடைத்ததை விட அதிகம். லோ கம்ப்ரஷன் அம்பாசடர் அதில் நாக் அடித்தால் பெட்ரோலைத் திட்டாதீர்கள். உள்ளே கார்பன் மண்டியிருக்கிறதா என்று பாருங்கள். இதே காரணத்தால் ஆக்டேனை நம்பி 100 ஆக்டேன் பெட்ரோல் அடிப்பதும் தண்டச் செலவு. எத்தனாலுக்குப் பயந்து அதைத் தேடிப் போகிறவர்கள் உண்டு, அது வேறு கணக்கு.

எத்தனாலைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டியிருக்கிறது. ஈயத்தைப் பற்றிய புலம்பலில் இதைக் கோட்டை விடுகிறோம். 2023 பிப்ரவரியில் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலை மத்திய அரசு தொடங்கி வைத்தது. இப்போது சாதாரண பங்க்கில் அதுதான் வருகிறது. எத்தனால் தன்னிலேயே ஆக்சிஜன் வைத்திருக்கும் பொருள். சுத்தப் பெட்ரோல் ஒரு கிலோ எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். புது வண்டியில் சென்சார் பார்த்து, கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக்கொள்ளும். உங்கள் சோலெக்ஸ் கார்புரேட்டருக்குச் சென்சாரும் தெரியாது, கம்ப்யூட்டரும் தெரியாது. பெட்ரோல் வருகிற ஜெட் ஓட்டை எவ்வளவோ அவ்வளவுதான் விடும். விளைவு, யாரும் ஸ்க்ரூடிரைவரைத் தொடாமலேயே மிக்ஸர் ஏறக்குறைய 8 சதவீதம் லீன் ஆகிவிட்டது. மேலே சொன்ன மாதிரி யாராவது முன்பே பெட்ரோலைக் குறைத்து வைத்திருந்தால், அதற்கு மேல் இது. ஸ்டார்ட்டிங் தொல்லை, ஆக்ஸிலரேட்டர் மிதித்தால் ஒரு தயக்கம், மேட்டில் இழுக்காமல் சூடாவது என்று அறிகுறி எல்லாம் வரும். இவ்வளவையும் ஈயத்தின் கணக்கில் எழுதிவிட்டு ஈயப் பாட்டில் தேடுகிறோம்!

ஆகவே மெயின் ஜெட்டை ஒரு அளவு பெரிதாகப் போட்டு பிளக் நிறம் பாருங்கள். எஸ்யூ கார்புரேட்டர் என்றால் ஜெட் நட்டைக் கொஞ்சம் இறக்கிப் பாருங்கள். அப்புறம் ரப்பர். ஏசி பம்ப் என்கிற பெட்ரோல் பம்ப்பின் டயாஃப்ரம் (ரப்பர் சவ்வு), பெட்ரோல் ஹோஸ், கார்க் கேஸ்கெட் எல்லாம் எத்தனாலில் ஊறி உப்பும், மெலியும், விரிசல் விடும். எத்தனால் தாங்குகிற டயாஃப்ரமும் ஹோஸும் கடையில் கிடைக்கின்றன. பார்க்கப் பழையது மாதிரியே இருக்கும், கேட்டு வாங்க வேண்டும். மாதக்கணக்கில் ஷெட்டில் நிற்கிற வண்டிக்கு இன்னொரு ஆபத்து. எத்தனால் ஈரத்தை இழுக்கும். அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பெட்ரோலை விட்டுப் பிரிந்து டேங்க் அடியில் தங்கிவிடும். பம்ப் முதலில் உறிஞ்சுவது அந்த அடித்தண்ணியைத்தான். நிறுத்தி வைக்கும் வண்டியில் டேங்க்கை நிரப்பி வையுங்கள், அல்லது முழுசாக வடித்துவிடுங்கள். பாதி டேங்க் கூடவே கூடாது.

சரி, பாட்டில் மருந்துகளுக்கு வருகிறேன். எல்லாமே ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். பிரிட்டனில் 1999 முடிவோடு ஈயப் பெட்ரோல் விற்பனை நின்றபோது, பதிலுக்குச் சில காலம் பொட்டாசியம் கலந்த பெட்ரோல் விற்றார்கள். அங்கே பழைய வாகனச் சங்கங்களின் கூட்டமைப்பு, சந்தையில் இருந்த மருந்துகளை ஒரே மாதிரி இன்ஜினில் ஓட்டிப் பார்க்க ஏற்பாடு செய்து, தாக்குப்பிடித்த சிலவற்றுக்கு மட்டும் சான்று கொடுத்தது. பொட்டாசியம், பாஸ்பரஸ், மாங்கனீஸ் என்று ஒவ்வொன்றிலும் சரக்கு வேறு. ஒன்றோடு ஒன்று கலக்காதீர்கள் என்றும் சொன்னது. நம் சங்கங்கள் வியந்து பார்க்க வேண்டிய வேலை அது. இங்கே நாம் என்ன செய்கிறோம்? கண்காட்சியில் கடை போடுகிறவர் சொல்வதைக் கேட்டு வாங்குகிறோம். டேங்க்கில் காந்தம் போடுவது, வெள்ளீய உருண்டை போடுவது எல்லாம் இன்னும் விலை போகிறது. என்னைக் கேட்டால், மதுரையிலிருந்து சென்னைக்கு ஒரே மூச்சில் மிதித்துக்கொண்டு போகிற இரும்பு ஹெட் வண்டிக்கு நல்ல மருந்து கொஞ்சம் உதவும். மற்றவர்களுக்கு வேண்டாம்.

நிரந்தர வழி சீட் ரிங்தான். அதையும் அவசரப்பட்டுச் செய்யாதீர்கள். நன்றாக ஓடுகிற இன்ஜினின் ஹெட்டை ரிங் போடுவதற்காகவே கழற்ற வேண்டியதில்லை. ஹெட் கேஸ்கெட்டோ வேறு வேலையோ வந்து தானாகக் கழற்றும் நாளில் செய்துகொள்ளலாம். இன்லெட் பக்கம் தேவையில்லை, வருகிற குளிர்ந்த கலவையே அதைக் காப்பாற்றும். எக்ஸாஸ்ட் நான்குக்குப் போட்டால் போதும். ஹெட்டில் அளவாகப் பள்ளம் கடைந்து, ஹெட்டைச் சூடாக்கி, ரிங்கைக் குளிர வைத்து இறுக்கி இறக்க வேண்டும். இறுக்கம் சில தௌ (ஒரு தௌ என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கணக்கு; குறைந்தால் ஓடும்போது ரிங் கழன்று பிஸ்டன் மேல் விழும், கூடினால் ஹெட் விரிசல் விடும். உப்புத் தண்ணீர் ஊற்றியே ஓட்டிய ஹெட்டாக இருந்தால் தண்ணீர்ப் பாதை துருப்பிடித்துச் சுவர் மெலிந்திருக்கும், கடையும்போது ஓட்டை விழலாம். அதனால் முதலில் பிரஷர் டெஸ்ட், பிறகு லேத். முதலில் டெஸ்ட் செய்யாத பட்டறையில் கொடுக்காதீர்கள், அது என் பட்டறையாக இருந்தாலும் சரி. செலவு நான்கு டயர் விலைகூட ஆகாது. அதற்கப்புறம் ஈயத்தைப் பற்றி ஆயுளுக்கும் பேச வேண்டாம்.

உங்கள் வண்டிக்கு ரிங் தேவையா என்று எப்படித் தெரியும்? இடைவெளி அளக்கும் தகடான ஃபீலர் கேஜ் சொல்லும். அம்பாசடருக்கு டேப்பட் கேப் 15 தௌ, மோரிஸ் மைனருக்கு 12 தௌ. செட் பண்ணிய தேதியையும் கிலோமீட்டரையும் எழுதி வையுங்கள். அடுத்த முறை பார்க்கும்போது எக்ஸாஸ்ட் வால்வுகளில் மட்டும் கேப் குறைந்திருந்தால், எவ்வளவு குறைந்தது என்று எழுதுங்கள். மூன்று நான்கு முறைக்குப் பிறகு கேப் ஒரே அளவில் நின்றால் சீட் நன்றாக இருக்கிறது. குறைந்துகொண்டே போனால் ஹெட் வேலைக்கு நாள் பாருங்கள். இந்தச் சின்ன நோட்டை உறுப்பினர் எல்லோரும் வைத்து, சங்கம் அதை ஒரு இடத்தில் தொகுத்தால், நம் சாலையில், நம் வெயிலில், நம் பெட்ரோலில் எந்த இன்ஜின் எப்படித் தேய்கிறது என்று நமக்கே தெரிந்துவிடும். பிரிட்டன்காரன் அட்டவணையை வைத்து எத்தனை நாள் பேசுவது?

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். ஈயத்தின் விலையைக் கொடுத்தவர்கள் கார் முதலாளிகள் இல்லை. 1924இல் அமெரிக்காவின் நியூஜெர்சியில் டெட்ராஎத்தில் லெட் தயாரித்த ஆலையில் தொழிலாளர்கள் மூளை கலங்கிச் செத்தார்கள். அப்போதே தெரிந்த விஷம் அது. அதற்குப் பிறகும் உலகம் கைவிட ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு ஆனது; கார்களுக்கு ஈயப் பெட்ரோல் விற்ற கடைசி நாடு அல்ஜீரியா, 2021 ஜூலையில்தான் நிறுத்தியது. நம் ஊரில் பட்டறைப் பையன்கள் பெட்ரோலில்தான் கை கழுவினார்கள். டேங்க்கிலிருந்து பெட்ரோல் எடுக்க டியூபை வாயில் வைத்து உறிஞ்சினார்கள், வாய்க்குள் வந்ததைத் துப்பிவிட்டு டீ குடித்தார்கள். அந்தச் சரக்கு தோல் வழியாகவே உடம்புக்குள் போகும். ரோட்டோரத்தில் வளர்ந்த குழந்தைகள் மூச்சில் வாங்கினார்கள். குழந்தை மூளையைக் கெடுக்காத அளவு என்று ஈயத்துக்கு ஒரு அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு ஹெட் வேலைச் செலவை மிச்சம் பிடிப்பதற்காக அதை மறுபடி வாங்கப் போவது எனக்குச் சரியாகப் படவில்லை. விமானப் பெட்ரோல் கேட்பவர்கள் கவனிக்க: அதில் உள்ள ஈயத்தை நிரப்புகிறபோது முதலில் மோந்து பார்க்கப் போவது உங்கள் டிரைவரும் மெக்கானிக்கும்தான்.

மனுப் போட ஆசையாக இருந்தால், போட வேண்டிய மனு ஒன்று இருக்கிறது. பெட்ரோலிய அமைச்சகத்துக்கும் எண்ணெய் நிறுவனங்களுக்கும் எழுதுங்கள். ஒவ்வொரு பங்க்கிலும், ஒவ்வொரு நாசில் மேலும் எத்தனால் சதவீதத்தைப் பெரிய எழுத்தில், தமிழிலும் எழுதி ஒட்டச் சொல்லுங்கள். மாவட்டத்துக்கு ஒரு பங்க்கிலாவது எத்தனால் குறைந்த பெட்ரோலை, கூடுதல் விலைக்கென்றாலும், வைக்கச் சொல்லுங்கள். அந்த மனுவில் பழைய கார்க்காரர்களோடு, பத்து வருஷத்துக்கு முன்பு வாங்கிய ஸ்கூட்டரில் வேலைக்குப் போகிறவரும் கையெழுத்துப் போடுவார். ஈயம் கேட்டு மனுப் போட்டால் நம்மைப் பணக்காரப் பைத்தியங்கள் என்று சிரிப்பார்கள், சிரிப்பதில் நியாயமும் இருக்கும்.

கடைசியாக, கிராமத்து ஷெட்டுகளிலிருந்து பல வருஷம் நின்ற வண்டிகளை மீட்டு எடுக்கிற உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள். 2000க்கு முன்பே நின்றுபோன வண்டி என்றால், அதன் ஹெட்டிலும் பிஸ்டன் மேலும் சைலன்சருக்குள்ளும் இருக்கும் சாம்பலும் மஞ்சளும் கலந்த படிவில் ஈயம் அப்படியே இருக்கிறது. அதைக் காய்ந்த நிலையில் வயர் பிரஷ் போட்டுத் தேய்க்கவோ, கம்ப்ரஸர் காற்றை அடித்து ஊதவோ விடாதீர்கள். மண்ணெண்ணெயில் நன்றாக ஊற வைத்து, ஈரமாக இருக்கும்போதே சுரண்டச் சொல்லுங்கள். வேலை செய்கிற பையனுக்கு மாஸ்க்கும் கையுறையும் வாங்கிக் கொடுங்கள், சாப்பிடுவதற்கு முன் சோப்புப் போட்டுக் கை கழுவுகிறானா என்று பாருங்கள். சுரண்டிய அழுக்கை வாய்க்காலில் கொட்டாமல் ஒரு டப்பாவில் மூடி வையுங்கள். ஹெட்டை என்னிடம் அனுப்பும்போது, எந்த வருஷம் நின்ற வண்டி என்று ஒரு சீட்டில் எழுதி வாட்டர் அவுட்லெட்டில் கட்டி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
உங்கள் ஹெட் பட்டறைக்காரன்